பச்சைப் பொட்டு

எங்கள் தெருவில் முன்னறைக்கு ஆள் போவது சாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். மற்ற நாட்களில் நல்ல நாற்காலிகளும் கண்ணாடி அலமாரியின் கல்யாணப் பீங்கானும் அங்கே தங்கள் பாட்டுக்கு இருக்கும். அந்த மார்ச் மாதம் நெரிஸின் முன்னறையில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. நாற்காலிகள்மேல், நாற்காலிகளுக்கு இடையில், ஜன்னல் திரையின் பாதி உயரம் வரை. நடையைக் கடக்கும்போதெல்லாம் அவள் காலடியைத் தணித்துக்கொண்டாள். அப்படிச் செய்கிறோம் என்பது ஒருநாள் அவளுக்கே உறைத்து நின்றாள். உள்ளே யாரையாவது கிடத்தியிருக்கிறதா என்ன? பிறகும் மெல்லத்தான் நடந்தாள்.

நடையில் தொலைபேசியை வைத்துவிட்டு அவள் கணவன் கெத்தின் அடுக்களைக்கு வந்தான். உட்காரவில்லை. கெட்டிலைத் தொட்டுப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. இருந்தும் மறுபடி போட்டான்.

"என்னவாம்?" என்றாள்.

"எடுத்துக்க மாட்டாங்களாம்."

"எத்தனையை?"

"ஒண்ணையும். முத்திரை இல்லாம ஒரு பெட்டிகூட அவங்க கிடங்குக்குள்ள வரக்கூடாதாம்."

"இதுக்கு முத்திரையே வேண்டாம்னு நீதானே சொன்னே?"

"நான்தான் சொன்னேன்."

அவன் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் அவளுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். ரொட்டியில் வெண்ணெயைத் தடவி அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அந்தப் பெட்டிகளில் இருந்தது உள்ளங்கை அளவு கணினிப் பலகை. அதற்கு மேலுறை கிடையாது. விசைப்பலகையையும் வீட்டு டிவியையும் மாட்டினால் கணினியாகிவிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மேஜையில் சால்டர் பிடித்து உட்காருகிற பொழுதுபோக்குக்காரர்களுக்கு என்றுதான் அதைச் செய்தான். அவர்களுக்கு விற்பது வெறும் உதிரிபாகம், முழுப்பொருள் இல்லை என்று சட்டத்தைப் படித்து வைத்திருந்தான். ஆனால் விலை மலிவு என்று செய்தி பரவியது. பள்ளிக்கூடங்கள் கேட்டன. பிள்ளைகள் கேட்டார்கள். விநியோகக் கம்பெனி கிடங்கு நிறைய வேண்டும் என்றது.

"சின்னப்பையன் கடையில வாங்கிட்டுப் போய்ச் சொருகினதும் ஓடுதுன்னா அது முழுப்பொருள்தானாம்" என்றான் கெத்தின். "அப்போ சி.ஈ.ன்னு ரெண்டெழுத்து முத்திரை வேணும். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கெடுக்காது, டிவியைக் கெடுக்காதுன்னு அளந்து காட்டணும். மாசக் கடைசிக்குள்ள காட்டலேன்னா ஆர்டர் ரத்து."

"அவ்வளவுதானே. நம்ம ட்ரூ யாரைக் கெடுக்கப் போகுது?"

ட்ரூ என்று பெயர் வைத்தது அவள்தான். வேலியோரம் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பழுப்புக் குருவியை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கட்டைவிரல் அளவு உடம்பு. கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும்.

கெத்தின் ரொட்டியைக் கடித்தான். வெளியே மழை. எங்கள் கூம்டெர்வு ஊரில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நின்றால்தான் சொல்வோம்.

"ஐர்வென்கிட்டயும் மார்லின்கிட்டயும் என்ன சொல்றது?" என்றாள்.

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதே."

அவள் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் முதியோர் இல்லத்து அடுக்களை வேலையை ஐர்வென் விட்டுவிட்டு வந்தது நெரிஸ் கூப்பிட்டதால். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வேலையை மார்லின் விட்டது நெரிஸ் கூப்பிட்டதால். "இது நிக்கும்டி, நம்பி வா" என்று கோழிக்கறிக் கடை வரிசையில் நின்றுகொண்டு சொன்னாள். அந்த வாக்கியம் அவள் குரலிலேயே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

*

பள்ளத்தாக்கின் அடியில் ஒரு டிவி ஃபாக்டரி இருந்தது. எங்களில் பாதிப் பேர் அதில்தான் வளர்ந்து, கல்யாணம் செய்து, முதுகு வலி வாங்கினோம். கெத்தின் சோதனைப் பிரிவில் இருந்தான். இங்கே தெருவுக்கு நாலு டேவிஸ் இருப்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர் தவறாது. அவன் டெஸ்ட் கெத்தின். நெரிஸ் சால்டர் வரிசையில் இருந்தாள். அவள் பச்சை நெரிஸ்.

வரிசைப் பெண்கள் தாங்கள் பார்த்துச் சரி என்று விட்ட ஒவ்வொன்றிலும் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார்கள். கம்பெனி கொடுத்த சாயம் காய நேரமானதால் மருந்துக்கடையில் ஆளுக்கொரு நிறம் வாங்கி வந்தார்கள். மார்லினுக்கு ரத்தச் சிவப்பு. ஐர்வெனுக்கு ரோஜா. நகத்துக்கு யாரும் வாங்காத பச்சை நெரிஸுக்கு. வாடிக்கையாளரிடமிருந்து ஏதாவது பெட்டி கெட்டுத் திரும்பினால் சூப்பர்வைசர் பின்மூடியைக் கழற்றுவார். எந்த நிறம் என்று வரிசையே கழுத்தை நீட்டும். பச்சை திரும்பி வந்ததில்லை.

இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்ததால் அது உள்ளே கெட்டிப்பட்டுக் கிடந்தது. மகனுக்குத் தன்னிடம் பேச ஒன்றுமில்லாமல் போனபோதும், ஃபாக்டரி வாசலில் பூட்டு விழுந்தபோதும், அவள் கை போய்த் தொட்டது அதைத்தான். என்னுடையது எதுவும் திரும்பி வந்ததில்லை.

இப்போது வேலை மூடிப்போன தேவாலயத்தின் பின்கூடத்தில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை நடந்த இடம். சுவரில் இன்னும் ஆட்டுக்குட்டிப் படம் ஈரத்தில் உப்பிக்கொண்டு இருந்தது. பொடிப்பொடி பாகங்களை இயந்திரம் பொருத்தி, கடற்கரை ஊரிலிருந்து பலகைகள் வரும். பெண்கள் மூவரும் பெரிய இணைப்பிகளைச் சால்டர் வைப்பார்கள். பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். பலகையில் எள் விழ இடமில்லை. ஒரு மூலையில் மட்டும் வெள்ளி வளையம் ஒன்று காலியாக இருந்தது. அதில் பொட்டு. காய்ந்ததும் இணைப்பிகளை மூடுகிற தகரத் தட்டை மேலே வைத்து, அதன் நாக்கை அந்த மூலையில் பிளாஸ்டிக் திருகால் இறுக்கிப் பையில் போடுவார்கள்.

நெரிஸ் சொல்லாமல் இருக்கவில்லை. முதல் டீயிலேயே சொல்லிவிட்டாள்.

மார்லின் சால்டர் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தாள். "அந்த முத்திரையை யாரு குத்தறது? லண்டன்ல இருந்து ஆள் வருவானா?"

"யாரும் வரமாட்டாங்க" என்றான் கெத்தின். "செய்யறவனே கையெழுத்துப் போட்டு ஒட்டிக்கணும். எல்லாம் அளந்தாச்சு, என் பொறுப்புன்னு."

"நீயே ஒட்டிக்கறதா?"

"ஆமா."

"அப்போ ஒட்டேன்."

"அளக்காமயா?"

"என் பேரனோட பொம்மைக் கார்லகூட அந்த ரெண்டெழுத்து இருக்கு. அதைப் போட்டா எங்க வீட்டு டிவியில கோடு கோடா வருது. அவன் அளந்தானாக்கும்?"

ஐர்வென் சிரித்தாள். கெத்தின் சிரிக்கவில்லை. "கையெழுத்து என்னுது, மார்லின்."

"உன் கையெழுத்தைத் தூக்கிக் குப்பையில போடு. கோழி கிறுக்கின மாதிரி. நான் போடறேன் கொண்டா."

"கம்பெனிக்காரன் சோதனைச்சாலை ரிப்போர்ட்டும் கேக்கறான். அதோட, பொய்யா எழுதிக் குடுத்துட்டு நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?"

"குடை பிடிச்சுக்கிட்டுத்தான், எல்லாரையும் போல" என்றாள் மார்லின்.

நெரிஸ் பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒட்டிவிடேன் என்று அவளுக்கும் தோன்றியது. அவன் ஒட்டமாட்டான் என்பதில் ஒரு திருப்தியும் இருந்தது. இரண்டும் ஒரே மனதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, ஒன்றையொன்று பார்க்காமல்.

"சோதனையில தோத்துட்டா?" என்று ஐர்வென் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"தோக்காது" என்றாள் நெரிஸ். "நாமதானே செஞ்சோம்."

*

சோதனைச்சாலை பாலத்துக்கு அந்தப்புறம், இங்கிலாந்தில். போகும்போது பாலத்தில் கட்டணம் இல்லை. திரும்பி வரும்போதுதான் வாங்குவார்கள். வெளியே போக எவனும் தடுக்கமாட்டான், வீட்டுக்கு வரத்தான் தண்டம் என்று எங்களில் பாலம் கடக்கும் எல்லோரும் சொல்லும் பகடியைக் கெத்தின் அன்றும் சொன்னான். நெரிஸ் மடியில் கார்ன்டு பீஃப் சாண்ட்விச் டப்பாவும் பஞ்சில் சுற்றிய மூன்று பலகைகளும் வைத்திருந்தாள். இரண்டு அவள் முடித்த பலகைகள். ஒன்று கெத்தின் முதன்முதலில் தன் கையாலேயே சால்டர் வைத்துச் செய்தது, ஒப்பிட்டுப் பார்க்க.

சோதிப்பவர் பெயர் ப்ளும். மெலிந்த மனிதர், கம்பளி ஸ்வெட்டரில் முழங்கை தேய்ந்திருந்தது. அவர்களைச் சோதனை அறைக்குள் கூட்டிப்போனார். சுவர், கூரை எல்லாம் நீலப் பஞ்சுக் கூம்புகள். நடுவே சுழலும் மேஜை, எதிரே கம்பத்தில் ஆன்டெனா. கனத்த கதவைச் சாத்தியதும் நெரிஸுக்குக் காது அடைத்தது. எங்கள் பள்ளத்தாக்கில் எப்போதும் எங்காவது தண்ணீர் ஓடும். அந்தச் சத்தத்தைச் சத்தம் என்றே நினைத்ததில்லை. அது இல்லாத இடத்தில் அவள் முதல்முறை நின்றாள். இங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வெளியறையில் திரையில் ஒரு சிவப்புக் கோடு. பலகை கிளப்பும் ரேடியோ இரைச்சலுக்கு அதுதான் எல்லை. மேஜை மெல்லச் சுழன்றது. கீழிருந்து பச்சைக் கோடு நடுங்கி எழுந்து, ஓரிடத்தில் முள் முள்ளாகச் சிவப்பைத் தாண்டி நின்றது.

"தாண்டிடுச்சு" என்றார் ப்ளும்.

"இன்னொண்ணை வெச்சுப் பாக்கலாமா?" என்றான் கெத்தின்.

இன்னொன்றும் தாண்டியது. அதே இடத்தில், அதே உயரத்தில். பிறகு கெத்தின் தன் முதல் பலகையை வைத்தான். பச்சைக் கோடு சிவப்புக்கு வெகு கீழே படுத்துக் கிடந்தது.

"இது மட்டும் எப்படி?" என்று நெரிஸ் கேட்டாள்.

ப்ளும் அவளைப் பார்க்காமல் பேனாவை மூடினார். "நான் அளக்கற ஆளுங்க. வைத்தியம் சொல்ற வேலை என்னுது இல்ல. அப்படிச் சொன்னா நாளைக்கு நானே என் வைத்தியத்தை அளந்த மாதிரி ஆயிடும்." பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "சாப்ட்டீங்களா? அங்க பெஞ்சு இருக்கு" என்றார்.

கெத்தின் கம்பிகளை மாற்றினான். மின் அடாப்டரை மாற்றினான். கம்பியில் கறுப்புக் காந்த வளையத்தை மாட்டினான். கோடு அசையவில்லை. அவர்கள் நேரம் முடிந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை யாரோ ரத்து செய்த இடம் ஒன்று இருக்கிறது, அதை விட்டால் மே மாதம்தான் என்றார் ப்ளும்.

திரும்பும்போது பாலத்தில் காற்று காரைத் தள்ளியது.

"டிசைன் சரிதான்" என்றான் கெத்தின். "என்னுது பாஸாகுதே."

"அப்போ எங்க வேலையில தப்பா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலாம். சொல்லு."

"பாகம் ஏதாவது வேற தொகுப்புல வந்திருக்கும், நெரிஸ். கண்டுபிடிக்கணும்." கட்டணச் சாவடியில் கண்ணாடியை இறக்கினான், ஏற்றினான். "இதுவும் ஆகலேன்னா விமான நிலையத்துல பெட்டி நகர்த்தற பெல்ட்டைப் பழுது பாக்க ஆள் கேக்கறாங்க. வாரம் பூரா அங்கயே தங்கிக்கணும். வெள்ளிக்கிழமை வருவேன்."

"கூடத்தை?"

"சாவியைக் குடுத்துடறதுதான்."

அவள் சாண்ட்விச் டப்பாவைத் திறந்தாள். ஒன்றும் குறையாமல் அப்படியே இருந்தது. மூடினாள்.

*

ஐர்வெனும் மார்லினும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. கூடத்தைப் பெருக்கினார்கள், சால்டர் முனைகளைத் தேய்த்தார்கள். மார்லின் கல்லில் சுட்ட திராட்சைக் கேக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூட அடுக்களையில் தன் இடத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டாள் என்று போகிற போக்கில் சொன்னாள். "நல்ல பொண்ணுதான். கிரேவி மட்டும் கழுவுன தண்ணி." நெரிஸ் கேக்கை மென்றுகொண்டே இருந்தாள்.

"ஏண்டி, உன் மூஞ்சியைப் பாத்தா கேக்குல உப்பு போட்டுட்டேனோன்னு இருக்கு" என்றாள் மார்லின்.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்ற மூஞ்சியா இது? ஐர்வென், நீ சொல்லு."

"விடுடி அவளை" என்றாள் ஐர்வென்.

அவர்கள் குற்றம் சாட்டவில்லை. சாட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். கூடத்தைப் பெருக்கும் விளக்குமாற்றுச் சத்தத்துக்கு என்ன பதில் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை மதியம் நெரிஸ் ஆட்டுக்கறியும் காய்களும் போட்ட கவுல் சூப் வைத்தாள். வெங்காயத்தாள் போன்ற லீக்கை நறுக்கிக்கொண்டிருந்தாள். மேஜையின் மறுகோடியில் கெத்தின் பலகைகளைப் பரப்பியிருந்தான். அவள் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் கேட்கும் சின்ன ரேடியோவை எடுத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, பலகைப் பக்கம் கொண்டுபோனான். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோலச் சீறியது. தன் முதல் பலகைக்குக் கொண்டுபோனான். வெறும் மூச்சு.

சீறல், மூச்சு, சீறல், மூச்சு என்று ஒரு மணி நேரமாக அதையே கேட்டுக்கொண்டு அவள் கறியின் நுரையை எடுத்தாள். முள்ளங்கி மாதிரியான அந்த மஞ்சள் சுவீடுக் கிழங்கைத் தோல் சீவினாள். தலை வலித்தது. ரேடியோவைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாம் போல இருந்தது. ஆனால் நிறுத்து என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை என்றும் இருந்தது.

அவன் அவளுடைய பலகை ஒன்றின் பிளாஸ்டிக் திருகைக் கழற்றுவதை ஓரக்கண்ணால் பார்த்தாள். தகரத் தட்டைத் தூக்கினான். பிறகு அசையவில்லை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

உள்ளங்கையால் பலகையை மூடிக்கொண்டு எழுந்தான். பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கக் கொட்டகைக்குப் போனான். கவுல் கொதித்து அடங்கும் நேரத்தில் திரும்பி வந்தான். அதே பலகைமேல் ரேடியோவை வைத்தான். மூச்சு மட்டும்.

நெரிஸ் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "கண்டுபிடிச்சிட்டியா?"

"கடிகாரத் துடிப்பைக் கொஞ்சம் மாத்தினேன். மென்பொருள்ல."

"கொட்டகையிலயா?"

"அங்கதானே பழைய கம்ப்யூட்டர் இருக்கு."

"அவ்வளவுதானா? எங்க வேலையில ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்ல, கண்ணு. கவுலை ஊத்து. பசிக்குது."

அவள் ஊற்றினாள். அவன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். பசித்தவன் சாப்பிடும் சாப்பாடாக அது இல்லை என்பதை அவள் கவனித்தாள். ஆனால் ஒரு வாரமாக மார்பில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போயிருந்தது. அது எப்படிப் போனது என்று கேட்க அவளுக்கு மனமில்லை. எங்க வேலையில ஒண்ணும் இல்ல. பாத்திரம் கழுவும்போது அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

*

புதன்கிழமை பச்சைக் கோடு சிவப்புக்குக் கீழேயே நின்றது. மேஜை முழுதாகச் சுற்றி வந்தும் எழவில்லை. கைத்துப்பாக்கி போன்ற கருவியால் ப்ளும் பலகைக்குள் மின்பொறி பாய்ச்சினார். ட்ரூ ஒருமுறை கண் இமைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாஸ்" என்றார். முதல்முறையாகச் சிரித்தார். "ரிப்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும். உள்ள வெளிய எல்லாம்."

"உள்ளயுமா?" என்றான் கெத்தின்.

"சோதிச்ச பொருள் எதுன்னு தெரியணுமில்ல. நீங்க விக்கற ஒவ்வொண்ணும் இதே மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் கையெழுத்து."

"நான் கழட்டித் தரேன்" என்று கெத்தின் கை நீட்டினான். ப்ளும் அதற்குள் திருகைக் கழற்றிவிட்டார். தட்டைத் தூக்கி, விளக்கடியில் வைத்து, கேமராவின் மேல் குனிந்தார். பக்கத்துத் திரையில் பலகையின் மூலை பெரிதாகத் தெரிந்தது.

வெள்ளி வளையம். கத்தியால் சுரண்டிய கோடுகள். விளிம்பில் சுரண்டத் தப்பிய பச்சை, பிறைபோல.

தகரத் தட்டின் நாக்கு வந்து உட்காருகிற இடம் அது. நாக்கு வெள்ளியைத் தொட்டால் ரேடியோவைக் கெடுக்கிற சத்தமெல்லாம் தட்டின் வழியே தரைக்கம்பிக்குப் போய்விடும். நடுவில் ஒரு துளி பாலிஷ் இருந்தால் தொடாது. திருகோ பிளாஸ்டிக். நெரிஸுக்கு யாரும் விளக்கவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து உலோகத்தை உலோகத்தோடு சேர்த்தவள் அவள். பார்த்தவுடன் போதுமாக இருந்தது.

கெத்தின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு அப்பால் கார் நிறுத்தும் இடம்தான் இருந்தது.

கார் பாலத்தில் ஏறியது. ஆற்றின்மேல் வந்ததும் அவள் கேட்டாள்.

"எப்ப சொல்றதா இருந்தே?"

"எல்லாத்தையும் சுரண்டி முடிச்சிட்டு."

"முன்னறையில இருக்கற அத்தனையையுமா? தனியாவா?"

"காலையில நேரத்துலயே எந்திரிச்சா முடிச்சிடலாம்னு..."

"பெட்டியெல்லாம் பிரிச்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

"புதுசா ஸ்டிக்கர் ஒட்டணும்னு சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டெழுத்துக்காகப் பொய்க் கையெழுத்து போடமாட்டேன்னு சொன்னே. என்கிட்ட போட்டுட்டியே."

"அது வேற."

"எப்படி வேற?"

அவன் வேகத்தைக் குறைத்தான். வைப்பர் போய் வந்தது. "அந்தப் பொட்டைப் பத்தி நீ என்கிட்ட பேசினதே இல்ல. ஆனா எனக்குத் தெரியும். சோதனைப் பிரிவுல கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு எத்தனை வருஷம் பாத்திருக்கேன். பச்சை வந்தா நாங்க ரெண்டாவது தடவை பாக்கவே மாட்டோம்."

இதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் இன்றைக்குப் போய்ச் சொன்னான் என்றிருந்தது அவளுக்கு. அவன் கோபப்பட்டிருந்தால், உன்னாலதான் என்று ஒருமுறை கத்தியிருந்தால், அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவன் அவளைக் காப்பாற்றப் பார்த்தான். தான் ஏதோ உடையக்கூடிய பொருள் என்று இத்தனை நாள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை.

"அந்த வளையம் எதுக்குன்னு நீ ஏன் சொல்லல?" என்றாள்.

"நீங்க அதுல பொட்டு வைப்பீங்கன்னு எனக்குத் தோணல. எனக்குப் பழக்கமில்லையே. என் பலகைக்கு நான் பொட்டு வெக்கல."

சாவடியில் அவன் கண்ணாடியை இறக்கினான். மழை உள்ளே வந்தது. வீட்டுக்கு வரத் தண்டம் என்று இந்தமுறை யாரும் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை நெரிஸ் மருந்துக்கடையில் இருந்த நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை எல்லாம் வாங்கினாள். கடைக்காரப் பெண் கல்யாணமா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். கெத்தின் முன்னறைப் பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினான்.

மார்லினும் ஐர்வெனும் ஈரக்கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ஒரு பலகையின் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"பாஸாயிடுச்சு. ஆனா இது இருக்கறவரைக்கும் ஆகாது. பொட்டுதான் காரணம். வளையத்துல வெக்கலாம்னு ஆரம்பிச்சது நான்."

ஐர்வென் பலகையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். அதில் இருந்தது ரோஜாப் பொட்டு. அவளுடையது.

"ஃபாக்டரியிலயும் இதேதானே வெச்சோம்?" என்றாள் மார்லின். குரல் ஏறியிருந்தது. "அப்பல்லாம் எவன் ரேடியோ கெட்டுச்சு?"

"அங்க திருகு மேல வெச்சீங்க. இறுக்கினதுக்கு அப்புறம்" என்றான் கெத்தின். "இங்க இறுக்கறதுக்கு முன்னாடி."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கு உன் நாக்கு எங்க போயிருந்துச்சு? டெஸ்டு டெஸ்டுன்னு கண்ணாடிக்குப் பின்னாடியே நின்னு பழகிட்டே. ஒரு எட்டு வந்து எங்க மேஜையைப் பாத்திருந்தா?"

"பாத்திருக்கணும்" என்றான்.

மார்லின் இன்னும் ஏதோ சொல்லப் போனாள். அவன் ஒப்புக்கொண்டதில் அவளுக்கும் பிடிமானம் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பஞ்சைக் கொடுடி."

கழற்று, துடை, மூடு, இறுக்கு. கூடம் முழுக்க ஆசிடோன் நெடி. கண் எரிந்தது. ஜன்னலைத் திறந்தார்கள். மழைச் சத்தம் உள்ளே வந்தது. சிவப்புப் பஞ்சு, ரோஜாப் பஞ்சு, பச்சைப் பஞ்சு என்று தரையில் சேர்ந்தன. நெரிஸ் தன்னுடையதைத் தானே துடைத்தாள். மற்றவர்கள் கையில் பச்சை வந்தால் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கம் தள்ளினார்கள். அழுத்தித் துடைக்க வேண்டியிருந்தது. நல்ல பாலிஷ், சுலபத்தில் விடவில்லை. ஒவ்வொன்றையும் முடித்து, மின்சாரம் கொடுத்து, ரேடியோவைப் பக்கத்தில் பிடித்தாள். மூச்சு. அடுத்தது. மூச்சு. இப்போது சரி என்பதற்கு அடையாளம் இதுதான், ஒன்றும் கேட்காமல் இருப்பது.

மத்தியானம் டீக்கு நிறுத்தியபோது கெத்தின் தயங்கித் தயங்கி அவர்கள் மேஜைக்கு வந்தான். ஒரு பலகையைத் திருப்பி, பிளாஸ்டிக் திருகின் தலையைக் காட்டினான்.

"இங்க வெக்கலாம். இது வெறும் பிளாஸ்டிக். எதுக்கும் குறுக்கே வராது. ப்ளும்கிட்ட கேட்டுட்டேன்."

"வைத்தியம் சொல்லமாட்டாரே அவரு?" என்றாள் நெரிஸ்.

"இது வைத்தியம் இல்லையாம். அலங்காரமாம்."

மார்லின் கைப்பையைத் துழாவிச் சிவப்புப் புட்டியை எடுத்தாள். முதல் பலகையின் திருகில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பழசை விட எடுப்பாத்தான் இருக்கு. இப்ப வாங்கறவனுக்கும் தெரியும், மார்லின் பாத்தாள்னு." ஐர்வென் ரோஜாவை எடுத்தாள்.

பிற்பகல் முழுக்க அப்படியே போனது. சிவப்புத் தலை, ரோஜாத் தலை, வெறும் தலை. மூன்றும் தனித்தனி வரிசையாகப் பைக்குள் போயின. கெத்தின் கடைசி மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பையிலும் இரண்டெழுத்து ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டினான்.

"உன் பச்சை எங்கடி?" என்று ஐர்வென் கேட்டாள்.

"காஞ்சு போச்சு" என்றாள் நெரிஸ். ஏப்ரனின் பையில், போன கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பச்சைப் புட்டி முழுசாகத் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுத்த பலகையை எடுத்து ரேடியோவை அதன்மேல் பிடித்தாள்.